சத்தமில்லாத காருக்கு ஒரு சைலன்சர்

வெர்லீன் கேட்வுட் முப்பத்தோரு வருஷமாகப் பிறர் தலையைப் பிடித்துப் பிழைப்பவள். முதல் இருபது வருஷம் செயின்ட் லூயிஸின் வடக்குப் பக்கத்தில், பெரிய சாலையோரம் சொந்தக் கடை வைத்திருந்தாள். வாடகை அவள் கழுத்துவரை ஏறியதும் சுழல் நாற்காலிகளை விற்றாள். முடி உலர்த்தும் கருவி, சுருட்டிகள், சீப்புகள், ஷாம்பூ டப்பாக்கள் அத்தனையையும் காரின் பின்பக்கம் அடைத்துக்கொண்டு, வாடிக்கையாளர்கள் போன இடத்துக்கே தானும் போய்விட்டாள். அவர்கள் போன இடம் முதியோர் இல்லம். திங்கள் முதல் வியாழன்வரை பக்கத்திலிருக்கும் இரண்டு இல்லங்கள், வெள்ளிக்கிழமை கொஞ்சம் தூரத்தில் ஒன்று.

தலை கழுவிச் சுருட்டி உலர்த்திவிட அவள் வாங்குவது பன்னிரண்டு டாலர். ஆறு வருஷமாக அதே பன்னிரண்டு. அதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்த இல்லங்களில் இருப்பவர்களின் பென்ஷனை அரசாங்கமே தங்கும் செலவுக்கு எடுத்துக்கொண்டு, மாதம் ஐம்பது டாலரை அவர்கள் கையில் விட்டுவைக்கிறது. ஆயுள் முழுக்க உழைத்தவருக்குக் கடைசியில் மிஞ்சுவது இந்த ஐம்பதுதான். மிஸ் ஹாட்டி என்கிற தொண்ணூற்றொரு வயதுக்காரிக்கு வெள்ளிக்கிழமை தலை கழுவாமல் முடியாது. நான்கு வெள்ளிக்கு நாற்பத்தெட்டு. மீதி இரண்டு டாலருக்குப் பட்டர்ஸ்காட்ச் மிட்டாய். வெர்லீன் ஒரே ஒரு டாலர் ஏற்றினாலும் நான்கு வெள்ளிக்கு ஐம்பத்திரண்டு ஆகும். மிட்டாய் போவதோடு நிற்காது, ஒரு வெள்ளிக்கிழமையும் போய்விடும்.

அவளுடைய கார் பச்சை நிறத்தில், யாரோ நன்றாக ஓட்டித் தள்ளிய பழைய மின்சாரக் கார். எண்ணெய் வேண்டாம், புகை இல்லை, சத்தம் துளியும் இல்லை. வாசலில் வந்து நின்றாலும் உள்ளே யாருக்கும் தெரியாது. திடீரென்று கதவைத் திறந்துகொண்டு அவள் நிற்பாள். மிஸ் ஹாட்டிக்கு ஏற்கெனவே காது மந்தம்.

"ஏண்டி பொண்ணே, சாவு வர்ற மாதிரி வர்றியே. ஒரு கனைப்பாவது கனைக்கக் கூடாதா?" என்பாள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்.

வெள்ளிக்கிழமைப் பாதை மொத்தம் நாலு மைல். அந்த நாலு மைலுக்குள் ஏழு ஊர் வரும். மூன்று தெருவுக்கு ஒரு மேயர், அவருக்கு ஒரு போலீஸ், அந்தப் போலீசுக்கு ஒரு கோர்ட். தொழிற்சாலை கிடையாது, பெரிய கடை கிடையாது. ஊர் வயிறு நிறைவதெல்லாம் அவ்வழியே காரில் போகிறவர்களால்தான். ஏழில் ஐந்தாவது ஊர் பெல்ஃபோர்ட் டெரஸ். அங்கே ஒரு சவ அடக்க நிலையத்தின் வேலிச் செடிக்குப் பின்னால் டன்லாப் என்கிற போலீஸ்காரர் வண்டியை ஒளித்துவைத்துக்கொண்டு, எதிரேயுள்ள ஸ்டாப் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். மீனுக்குக் காத்திருக்கும் கொக்குக்குக்கூட அவ்வளவு பொறுமை இருக்காது.

ஏப்ரல் மாத வெள்ளியொன்றில் வெர்லீன் அந்தப் பலகையருகே வந்தாள். தெருவில் ஈ, காக்கை இல்லை. பிரேக்கைத் தொட்டாள், இடம் பார்த்தாள், வலம் பார்த்தாள், உருண்டு போனாள். அந்த நகரத்தில் தொட்டில் குழந்தைகள் தவிர எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். டன்லாப் பின்னால் வந்து நிறுத்தினார். முழுதாக நிற்கவில்லை, சக்கரம் உருண்டது என்றார்.

"அவ்வளவு மெதுவா உருண்டா அதுக்குப் பேருதான் ஐயா நிக்கிறது" என்றாள் வெர்லீன்.

டன்லாப் சிரித்தார். சிரித்துக்கொண்டே அபராத டிக்கெட்டை எழுதிக் கொடுத்தார்.

அபராதத்தைக் கட்டித் தொலைத்துவிடலாம் என்றுதான் அவள் நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பன்றிக்கறி சுடுவதற்கு வந்த ஆர்லிஸ் தடுத்தான். ஆர்லிஸ் அவளுடைய முன்னாள் புருஷன். சைலன்சர் கடை வைத்திருப்பவன். விவாகரத்தாகிப் பதினோரு வருஷம் ஆகியும் அடுப்பு இவள் வீட்டில் இருக்கிறதென்று ஞாயிறு தவறாமல் வந்துவிடுவான். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம், லைசென்சில் இரண்டு தண்டனைப் புள்ளி ஏறும், அதை இன்சூரன்ஸ்காரன் பார்ப்பான், அதன்பிறகு வேடிக்கையைப் பார் என்று கறியைப் புரட்டியபடி சொன்னான்.

திங்கட்கிழமை இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போன் செய்தாள். தேன் குரலில் ஒரு பெண் பேசினாள். அபராதம் ஒரு தடவை கட்டுவது, அதோடு போய்விடும். கம்பெனி ஏற்றுவது மாதம் நாற்பத்து நாலு, மூன்று வருஷத்துக்கு. இத்தனை வருஷத்தில் ஒரு கீறல்கூடப் போட்டதில்லையே என்று வெர்லீன் கேட்டாள். அதெல்லாம் பதிவில் இருக்கிறது, ரொம்பச் சந்தோஷம், ஆனால் இதுவும் பதிவில் வந்துவிடும் என்றாள் தேன்குரல். அப்படியானால் தப்பான இடத்தில் நிறுத்தினதற்கு டிக்கெட் வாங்கியிருந்தால் என்ன ஏற்றுவீர்கள் என்று கேட்டாள் வெர்லீன்.

"ஒண்ணுமே ஏத்த மாட்டோம்மா. நிக்கிற வண்டிமேல எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது."

நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இதே காரை வைத்திருப்பவர்களைவிட இவள் ஏற்கெனவே அதிகம் கட்டுகிறாள். காரணம் அஞ்சல் எண். அந்த எண்ணில் யார் குடியிருக்கிறார்கள், அவர்கள் தோல் என்ன நிறம் என்று கம்பெனி ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை. இப்போது அதற்குமேல் நாற்பத்து நாலு. அவள் மாதத்தில் கழுவும் தலைகள் சுமார் நாற்பத்தைந்து. தலைக்கு ஒரு டாலர் ஏற்றினால் சரியாகிவிடும். போனை வைத்தபோது வெர்லீனுக்கு மிஸ் ஹாட்டியின் இரண்டு டாலர் மிட்டாய்தான் நினைவுக்கு வந்தது.

ஆர்லிஸ் தனக்குத் தெரிந்த டிக்கெட் வக்கீலின் எண்ணைக் கொடுத்தான். டிக்கெட் வக்கீல் இல்லாத குடும்பம் அந்த நகரத்தில் பல் வைத்தியர் இல்லாத குடும்பம் மாதிரி, அபூர்வம். நார்பெர்ட் கிளாட்ஸ் என்று பேர். டோனட் கடைக்கு மாடியில் ஆபீஸ். முதல் கேள்வியாக எந்த ஹைஸ்கூலில் படித்தாய் என்று கேட்டார். அந்த நகரத்தில் யாரும் யாரையும் முதலில் கேட்பது அதுதான். பதிலிலிருந்தே ஆளின் சாதி, சம்பளம், சாமி எல்லாவற்றையும் எடைபோட்டுக்கொள்வார்கள். எடை போட்டுவிட்டு, எழுபத்தைந்து டாலர் ஃபீஸ் என்றார்.

விஷயம் ரொம்பச் சுலபம். ஸ்டாப் பலகைக் குற்றத்தை அரசு வக்கீல் வேறொரு குற்றமாக மாற்றி எழுதுவார். ஓட்டியதில் குற்றமில்லை, வண்டியில் குறை என்று ஆகிவிடும். புள்ளி ஏறாது. புள்ளி ஏறாததை இன்சூரன்ஸ்காரன் மோந்துகூடப் பார்க்க மாட்டான். அதற்குப் பதிலாக அபராதம் இரட்டிப்பாகும். ஊருக்குப் பணம், வக்கீலுக்கு ஃபீஸ், ஓட்டியவருக்கு நிம்மதி, எல்லோருக்கும் லாபம். நடுவில் ஒரு சின்னப் பொய். போன வருஷம் பெல்ஃபோர்ட் டெரஸில் எல்லோருக்கும் 'தவறான இடத்தில் நிறுத்தியது' கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் 'அளவுக்கு மீறிய வாகனச் சத்தம்' ஓடுகிறது என்றார் கிளாட்ஸ், மீன் மார்க்கெட்டில் இன்று என்ன வந்திருக்கிறது என்று சொல்வதுபோல.

"என் கார் மின்சாரக் காருங்க. அது சத்தமே போடாது" என்றாள் வெர்லீன்.

"கோர்ட் காரைப் பாக்காதும்மா. காகிதத்தைப் பாக்கும்."

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோர்ட். பழைய பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அரங்கில், ஒரு வளையத்துக்கு நேர் கீழே நீதிபதி உட்கார்ந்திருந்தார். இங்கே நீதிபதியாக இருப்பவர் பக்கத்து ஊரில் அரசு வக்கீல் என்றும், அங்கே நீதிபதியாக இருப்பவர்தான் இங்கே அரசு வக்கீல் என்றும் ஆர்லிஸ் சொல்லியிருந்தான். வெர்லீன் நம்பவில்லை. நேரில் பார்த்தபோது இருவரும் ஒரே மாதிரி டை கட்டியிருந்தார்கள்.

இடதுபக்கம் வக்கீல் வைத்தவர்களின் வரிசை. அது தண்ணீர் மாதிரி ஓடியது. நாற்பது மைல் வேகத்தில் பறந்தவர், சிவப்பு விளக்கைத் தாண்டியவர், தப்பான பக்கம் திரும்பியவர் எல்லோரும் ஒருவர்பின் ஒருவராக வந்து, தங்கள் கார் சத்தம் போட்டதாகத் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கோர்ட்டின் பதிவேடுகளை மட்டும் படிக்கிற ஒருவன், பெல்ஃபோர்ட் டெரஸில் போன வருஷம் முழுக்க எந்தக் காரும் நகரவே இல்லை, எல்லாம் கண்ட கண்ட இடத்தில் நின்றிருந்தன, இந்த வருஷம் நின்ற இடத்திலிருந்தே உறுமத் தொடங்கிவிட்டன என்றுதான் முடிவு செய்வான்.

வலதுபக்கம் வக்கீல் இல்லாதவர்கள். அந்த வரிசையில் டொரீன் நின்றாள். வெள்ளிக்கிழமை இல்லத்தின் சமையல்காரி. சமையல் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். அவள் கையிலும் அதே ஸ்டாப் பலகை, அதே வேலிச் செடி, அதே டன்லாப். எல்லோருக்கும் கொடுக்கிற அந்தச் சத்தத்தைத் தனக்கும் கொடுக்கச் சொல்லி அவள் அரசு வக்கீலைக் கேட்டது வெர்லீனுக்குக் கேட்டது.

"நான் வக்கீலுங்களோட மட்டும்தான் பேசுவேன்" என்றார் அவர், நிமிர்ந்து பார்க்காமல்.

டொரீனுக்கு இரண்டு புள்ளி. அந்தக் கூடத்தில் அன்று உண்மையாகவே கார் ஓட்டியவர்கள் வலதுபக்கத்து ஏழைகள் மட்டும்தான் போலிருக்கிறது.

வெர்லீனின் முறை வந்தது. உங்கள் வாகனம் அளவுக்கு மீறிய சத்தம் எழுப்பியதை ஒப்புக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். தேவாலயத்துக்கு வாரம் தவறாமல் போகிறவள், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், கிளாட்ஸைத் திரும்பிப் பார்த்தாள். கிளாட்ஸ் முழங்கையால் இடித்தார். ஐம்பதிலிருந்து ஐம்பத்திரண்டைக் கழிக்க முடியாது என்கிற கணக்கு அவளுக்கு நினைவு வந்தது.

"ஆமாங்க ஐயா. பயங்கரச் சத்தம்" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். நீதிபதி தலை நிமிரவில்லை. குமாஸ்தா ஒரு மஞ்சள் சீட்டை அவள் காகிதத்தோடு பின் அடித்துக் கொடுத்தாள். முப்பது நாளுக்குள் பழுது பார்த்த ரசீதும் புகைப்படமும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பழைய குற்றச்சாட்டு உயிர் பெறும் என்று அதில் இருந்தது.

கிளாட்ஸ் முதன்முறையாகக் கொஞ்சம் வெளிறினார். உண்மையாகவே சத்தம் போட்ட கார்கள் வந்துகொண்டிருந்த காலத்துச் சீட்டு அது, இவ்வளவு நாளாக யாரும் பின் அடித்ததில்லை, குமாஸ்தா வேலைக்குப் புதிது, படிவத்தைப் படித்துவிட்டாள் என்றார். பொய்யை எல்லோரும் பொய்யென்று தெரிந்து செய்துகொண்டிருந்த இடத்தில், அதை உண்மையென்று நம்பிய ஒரே ஆள் வந்துவிட்டாள். வெர்லீன் குமாஸ்தாவின் ஜன்னலருகே போய் அவளிடமே விளக்கப் பார்த்தாள்.

"என் காருல சைலன்சரே கிடையாதும்மா."

குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"அப்புறம் சத்தம் வராம என்ன செய்யும்? ஒண்ணு வாங்கிப் போடுங்க."

வெர்லீன் வெளியே வந்து, காரில் உட்கார்ந்து, ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

சனிக்கிழமை ஆர்லிஸ் கடைக்குக் காரை ஓட்டிப்போனாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் காருக்கடியில் படுத்தவன், கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. வேலை செய்கிறான் என்று நினைத்தாள். குனிந்து பார்த்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான்.

"பதினாலு வருஷக் குடித்தனம் வெர்லீன். வீட்டுக்கு ஒரு சைலன்சர் போட்டுடணும்னு எவ்வளவு பாடுபட்டேன். கடைசியில கோர்ட்டே ஆர்டர் போட்டுடுச்சு."

"உனக்கு ஒண்ணு வாங்கி மாட்டியிருந்தா நான் கோர்ட்டுக்கே போயிருக்க வேண்டாம். எழுந்திருச்சு வேலையைப் பாரு."

பழைய லாரி ஒன்றிலிருந்து கழற்றிய சைலன்சரும் ஒன்றரை முழம் குழாயும் கிடைத்தன. பற்றவைக்க வழியில்லை, அடியில் முழுக்க பேட்டரி. ஆகவே இரண்டு பட்டைகளில் ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டான். குழாயின் ஒரு முனை காற்றைப் பார்த்தது, மறு முனையும் காற்றைப் பார்த்தது. ரசீதில் என்ன எழுதுவது என்று இருவரும் யோசித்தார்கள். பொய் ஒன்று போதும், இரண்டாவது வேண்டாம் என்றாள் வெர்லீன். ஆர்லிஸ் எழுதினான்: 'காருக்கு ஒரு சைலன்சர் பொருத்தப்பட்டது. பொருத்தியபின் இன்ஜின் சத்தம் எதுவும் இல்லை.' வழக்குக் கட்டில் இருந்த ஒரே உண்மையான காகிதம் அதுதான். குமாஸ்தா படத்தைப் பார்த்து, ரசீதைப் படித்து, மிகுந்த திருப்தியோடு முத்திரை குத்தினாள்.

ஜூனில் இன்சூரன்ஸ் கடிதம் வந்தது. வெர்லீன் அதைப் பிரிக்காமல் இரண்டு நாள் ரொட்டி டப்பாமேல் வைத்திருந்தாள். பிரித்தபோது ஒரு காசு ஏறவில்லை. அதுமட்டுமில்லை, கவனமாக ஓட்டுகிறவர் என்று மாதம் நாலு டாலர் தள்ளுபடி. பன்னிரண்டு பன்னிரண்டாகவே இருந்தது. வெர்லீன் சமையலறையில் தனியாக ஒரு சுற்று ஆடினாள். முழங்கால் பிடித்துக்கொண்டது. அதையும் சேர்த்து ஆடினாள்.

டொரீனுக்கும் கடிதம் வந்தது. மாதம் அறுபத்தொன்று கூடுதல். அவள் காரை வீட்டின் பின்புறம் நிறுத்தி மூடிவிட்டு, இரண்டு பஸ் மாறி வேலைக்கு வர ஆரம்பித்தாள். ஒரே பலகை, ஒரே உருளல், ஒரே போலீஸ்காரர். ஒருத்தி கவனமான ஓட்டுநர், மற்றவள் ஆபத்தானவள். இருவருக்கும் நடுவே இருந்தது எழுபத்தைந்து டாலரும் ஒரு டோனட் கடை மாடிப்படியும். இதைத்தான் கம்பெனிகள் அபாயக் கணக்கு, அறிவியல் என்று சொல்லிக்கொள்கின்றன. பையில் எழுபத்தைந்து டாலர் இல்லாதவன் ஸ்டாப் பலகையில் வேகமாக உருளுவான் என்று எந்த அறிவியல் கண்டுபிடித்தது? வெர்லீனுக்குத் தன் தள்ளுபடி நாலு டாலரைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் டொரீனை வீட்டிலிருந்தே ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தாள்.

இதற்கிடையில் சைலன்சர் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் குழாய் ஆடி, பட்டையில் மோதி, கடகடவென்று கத்தியது. பிறந்ததிலிருந்து வாய் திறக்காத கார், சத்தத்தை நிறுத்தும் கருவியைப் பொருத்தியபிறகுதான் முதன்முதலாகப் பேசியது. கழற்றிவிடச் சொல்லி ஆர்லிஸிடம் போவதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அவள் இல்லத்துக்குள் நுழைந்தபோது, தோளில் துண்டு போட்டபடி ஆறு பேர் வரிசையாக நாற்காலிகளில் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாற்காலியில் மிஸ் ஹாட்டி.

"இப்பத்தாண்டி மனுஷி வர்ற மாதிரி வர்றே. எனக்கே கேட்டுடுச்சு. அதைக் கழட்டினே, உன் கையில தலையைக் குடுக்க மாட்டேன்."

கழற்றவில்லை.

ஆகஸ்டில் ஒரு வெள்ளி. டொரீன் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் வைத்திருந்த வெண்ணெய்க் கேக்கை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பெல்ஃபோர்ட் டெரஸ் எல்லையில் வேலிச் செடிக்குப் பின்னாலிருந்து விளக்குகள் சுழன்றன. டன்லாப் இறங்கி வந்தார். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவர் எழுதுகிற முகங்கள் ஏராளம்.

"உங்க வண்டிச் சத்தம் ரெண்டு தெருவுக்குக் கேக்குது மேடம்."

"தப்புதாங்க ஐயா. போன மே மாசமே ஒத்துக்கிட்டு, பணமும் கட்டிட்டேன்" என்று வெர்லீன் காரின் முன்பெட்டியிலிருந்து தீர்ப்பையும் ரசீதையும் எடுத்து நீட்டினாள்.

டன்லாப் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு காரின் பின்னால் போய்க் குந்தினார். கொஞ்ச நேரம் ஆளைக் காணோம்.

"இந்தக் குழாய் எதுலயும் மாட்டலையே?"

"மாட்டறதுக்கு அங்கே ஒண்ணும் இல்லைங்களே."

"அப்புறம் இது எதுக்கு?"

"சத்தத்தை நிறுத்த."

"எந்தச் சத்தத்தை?"

"ஏப்ரல்ல நீங்க எழுதினீங்களே, அதை."

டன்லாப் எழுந்து வந்தார். இப்போது அவருக்கு அவளை நினைவு வந்துவிட்டது. "நான் எழுதினது ஸ்டாப் பலகை" என்றார் மெதுவாக.

"அது நடக்கவே இல்லைங்க. உங்க கோர்ட்டே சொல்லிடுச்சு."

டொரீன் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, மூச்சுத் திணறி, கதவைத் திறந்து வெளியே வந்து காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெர்லீனுக்கும் அது தொற்றிக்கொண்டது. டன்லாப் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. அந்த ஊர் எல்லையில் மூன்று பேரும், அடியில் தொங்கிய குழாயைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். டன்லாப் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிக்கெட் புத்தகத்தை மூடப் போனார்.

"மூடாதீங்க ஐயா" என்றாள் டொரீன். இப்போது அவள் சிரிக்கவில்லை. "எனக்கும் ஒரு சத்தம் எழுதிக் குடுங்க. நீங்க குடுத்ததைத் திருப்பிக் குடுத்துட்டு இதை வாங்கிக்கிறேன்."

டன்லாப் புத்தகத்தை மூடினார்.

"அது முடிஞ்சு போச்சும்மா. என் கையில இல்லை."

"தெரியும். இவங்க கையில இருந்த எழுபத்தஞ்சு டாலர் என் கையிலயும் இல்லை. அதான் கேட்டுப் பாத்தேன்."

அவர் ஒன்றும் எழுதாமல் தன் வண்டிக்குப் போனார். விளக்கை அணைத்தார். டொரீன் ஏறி உட்கார்ந்து, மீதிக் கேக்கில் பெரிய பாதியை வெர்லீன் கையில் வைத்தாள். அடுத்த மாதமும் அந்தக் கோர்ட் கூடும், அன்று வலதுபக்க வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் டோனட் கடை மாடியின் விலாசத்தைத் தானே வாசலில் நின்று சொல்லப்போவதாக வெர்லீன் சொன்னாள். ஃபீஸ் யார் கொடுப்பது என்று டொரீன் கேட்டாள். மாதம் நாலு டாலர் தள்ளுபடி இருக்கிறது, அதிலிருந்து ஆரம்பிப்போம் என்றாள் வெர்லீன்.

நூறு கஜத்தில் அதே ஸ்டாப் பலகை வந்தது. பின்பார்வைக் கண்ணாடியில் டன்லாப் தெரிந்தார். வெர்லீன் பிரேக்கை அழுத்தினாள். சக்கரம் நான்கும் அசைவில்லாமல் நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்று இருவரும் சேர்ந்து உரக்க எண்ணினார்கள். கார் நின்றுகொண்டிருந்தது. அடியில் குழாய் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.